கம்பளம் விரித்த வீட்டுக்கு ரோபோ துடைப்பம் ஏற்குமா?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு கம்பளம். என் அக்காவின் கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் கொண்ட கம்பளம் ஒன்றைத் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்து, காட்டுப்பள்ளியில் உள்ள எங்கள் வீட்டு முன்கூடத்தில் விரித்தார். சிவப்பு நடுப்பகுதி, நான்கு புறமும் ஒரு சாண் அகலத்துக்குக் கருங்கரை, இரு முனைகளிலும் வெள்ளைக் குஞ்சம். கால் வைத்தால் விரல்கள் அமிழும். டைல்ஸ் தரையின் குளிர்ச்சியால் கால் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஆயா, அன்று முதல் அதன் மேலேயே கட்டிலைப் போடச் சொல்லிவிட்டார். பேத்தியின் மாப்பிள்ளை கொண்டுவந்தது என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டுவார்.

ஆறு மாதத்தில் அந்தக் கம்பளத்தின் எடை கூடிவிட்டது. மிகையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஒருமுறை அதைச் சுருட்டித் தூக்க முயன்றபோது நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்தும் திணறினோம். உள்ளே இருந்தது எங்கள் ஊர் மணல்.

எங்கள் ஊரை அறியாத நண்பர்களுக்காக ஒரு சொல். கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு ஏரி. இவற்றுக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டே காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்த காலத்தில் குப்பத்துக் குடும்பங்கள் இடம் மாறிக் கல்வீடுகளுக்கு வந்தன. வீடு மாறியது, மணல் மாறவில்லை. கடலிலிருந்து திரும்பும் கால்களிலும், வலையிலும், நாயின் ரோமத்திலும், காற்றிலும் அது வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. இது போதாதென்று, நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களும் நிலக்கரி இறக்கும் துறைமுகமும் உள்ள வட்டாரமாகையால், காலையில் துடைத்த சன்னல் திண்டு மாலையில் விரலில் கறுப்பாக ஒட்டும்.

ஆயாவுக்கு இளைப்பு உண்டு. சென்ற ஆண்டு வாடைக்காற்றுக் காலத்தில் அது அதிகமாகி, இருமுறை இரவில் ஆட்டோ பிடித்து மீஞ்சூர்ப் பக்கம் ஓட நேர்ந்தது. தூசு அடையும் பொருள்களைப் படுக்கைக்கு அருகில் வைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அக்காவுக்கோ முதுகுத் தண்டில் வலி. குனிந்து கம்பளத்தைத் தேய்த்துப் பெருக்க முடியவில்லை. செய்தி தொலைபேசி வழியே கடல் கடந்து போயிற்று. மாமா உடனே வழி சொல்லிவிட்டார். தானே ஊர்ந்து சென்று தூசை உறிஞ்சும் ரோபோ ஒன்றை முப்பதாயிரம் ரூபாய் அளவில் வாங்கி அனுப்பிவிடுவதாம்.

"மாமா கேக்குறாருடா. அத்த வாங்கி அனுப்பட்டுமா, வேணாமான்னு. நீதான காலேஜில பிஸிக்ஸ் படிக்கிற, நீயே சொல்லு" என்றார் அக்கா.

முப்பதாயிரம் என்பது எங்கள் வீட்டில் சிறு தொகையன்று. ஆகவே, விளம்பரத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், ஒரு மாதம் இதைப் பாடமாகவே எடுத்துப் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சக மாணவர்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று நம்புகிறேன்.

கம்பளத்துக்காகப் பிறந்த கருவி

தூசு உறிஞ்சும் கருவி தோன்றிய வரலாறே நம் வினாவுக்குப் பாதி விடையைத் தந்துவிடுகிறது. 1901ஆம் ஆண்டு இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் ஒரு காட்சியைக் கண்டார். தூசை ஊதித் தள்ளும் கருவி ஒன்றை ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஊதினால் தூசு இடம் மாறுமே தவிர வெளியேறாது. உறிஞ்சினால் என்ன என்று பூத் சிந்தித்தார். தம் எண்ணத்தைச் சோதிக்க, உணவு விடுதியின் நாற்காலி மெத்தை மீது கைக்குட்டையை வைத்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்பர். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது! அவர் செய்த இயந்திரம் குதிரைகள் இழுக்கும் வண்டியளவு பெரியது. அது தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியே வீட்டுக்குள் போகும். 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களைத் துப்புரவு செய்தது இக்கருவியே.

அடுத்த படியை எடுத்தவர் ஓர் அறிஞர் அல்லர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்லர் என்பவர். அவருக்கும் இளைப்பு நோய். கம்பளம் பெருக்கும்போது எழும் தூசு மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார் ஒன்றையும், துடைப்பக் கழியையும், தலையணை உறையையும் சேர்த்துக் கட்டி ஒரு கருவி செய்தார். 1908இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கி உலகெங்கும் பரப்பியது ஹூவர் குடும்பம். ஆயாவிடம் இக்கதையைச் சொன்னேன். "பாவம், அவனுக்கும் இளைப்பா?" என்று கேட்டதோடு சரி, ஹூவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதிலிருந்து நாம் காண்பது யாது? குளிர்நாட்டு வீடுகளில் கம்பளம் தரையோடு தரையாகக் கிடக்கும். அதைத் தினம் எடுத்து உதற இயலாது. ஆகவே, கிடக்கும் இடத்திலேயே தூசை வாங்க ஒரு கருவி தேவைப்பட்டது. நம் நாட்டிலோ விரிப்பு என்பது விரித்துச் சுருட்டுவதற்கு உரியது. பத்தமடைப் பாயாயினும் பவானி ஜமுக்காளமாயினும், காலையில் உதறி மடித்து மூலையில் வைத்துவிடுவோம். இதனால்தான் 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று இயக்கிக் காட்ட வேண்டியிருந்தது. நமக்குத் தேவை என்று தோன்றாத ஒன்றை முதலில் தேவையாக்கிக் காட்ட வேண்டியிருந்தது அல்லவா?

ரோபோ வடிவம் பின்னர் வந்தது. சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 2001இல் டிரைலோபைட் என்னும் பெயரில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. 2002இல் அமெரிக்க ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வந்து புகழ்பெற்றது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, வேலைக்கு ஆள் வர இயலாத நகர்ப்புற வீடுகளில் இதன் மீது ஆர்வம் பிறந்தது. ஷாவ்மி நிறுவனமும் அவ்வாண்டில்தான் தன் ரோபோவை இங்கு அறிமுகம் செய்தது.

வெற்றிடம் என்னும் பொய்ப்பெயர்

பெட்டியின் மேல் 5,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இதைக் கண்டு மயங்குவோர் பலர்; தொடக்கத்தில் நானும் மயங்கினேன். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். அதில் 5,000 என்பது இருபதில் ஒரு பங்கு. ஆக, இக்கருவியினுள் வெற்றிடம் எதுவும் இல்லை. அழுத்தம் சற்றே குறைந்த காற்றுதான் இருக்கிறது. மேலும், இந்த எண்ணை அளப்பது உறிஞ்சும் வாயை முழுவதும் அடைத்துவிட்டு. இளநீர்க் குழலின் நுனியை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் ஒட்டும் அளவுக்கு இழுக்கலாம். ஒரு சொட்டு இளநீர் வராது. தூசைத் தூக்கிச் செல்வது ஓடும் காற்று. காற்றோட்டம் எவ்வளவு என்பதைப் பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

அந்தக் காற்றோட்டத்துக்கு ஆற்றல் வேண்டும். ரோபோக்களில் வழக்கமாகக் காணப்படும் மின்கலம் 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் சுமார் 75 வாட்-மணி வரும். இதை வைத்து இரண்டு மணி நேரம் ஓடினால், விசிறி, தூரிகை, சக்கரம், கணிப்பொறி யாவற்றுக்கும் சேர்த்துச் சராசரியாக 37 வாட்டுதான் கிடைக்கும். சுவரில் செருகும் சாதாரணக் கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரில் விதித்த உச்சவரம்பு 900 வாட். அந்த உச்சவரம்போடு ஒப்பிட்டால் நம் ரோபோ இருபத்துநான்கில் ஒரு பங்கு. ஆனால், நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் உண்டு. மனிதர் வாரம் ஒருமுறை செய்வதை ரோபோ தினமும் செய்யும், சலிக்காது, கட்டிலுக்கு அடியிலும் போகும். வழவழப்பான தரையில் வலிமைக் குறைவை இந்தப் பொறுமை ஈடுசெய்துவிடுகிறது. கம்பளத்தில் ஈடுசெய்கிறதா என்பதே கேள்வி.

இனி மணலுக்கு வருவோம். கடற்கரை மணற்துகளின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் என்றும், சாம்பல் துகளின் விட்டத்தை அதில் ஐம்பதில் ஒரு பங்கு என்றும் கொள்வோம். விட்டம் 50 மடங்கானால் பரப்பு 2,500 மடங்கு. கனஅளவு 1,25,000 மடங்கு. அடர்த்தி ஏறத்தாழ ஒன்றெனில் எடையும் 1,25,000 மடங்கே. காற்று பிடித்து இழுக்கும் பரப்பைவிட, கீழே இழுக்கும் எடை அவ்வளவு விரைவாகப் பெருகுகிறது. ஆகவே, சாம்பலைத் தூக்கும் காற்று மணலைத் தூக்கத் திணறும். அதுமட்டுமன்று. கனமான மணல் கம்பள மயிரின் மேல் தங்காமல் ஒவ்வோர் மிதியிலும் கீழே இறங்கி, நெசவின் அடிப்பாகத்தில் குடியேறிவிடும். காற்று அங்கே எட்டுவதில்லை. அதனால்தான் கம்பளத்தில் உறிஞ்சுதலைவிட, சுழன்று அடிக்கும் தூரிகையே முதன்மையான வேலையைச் செய்கிறது. தூரிகை மயிரைப் பிரித்து, மணலை எழுப்பிவிட்டால்தான் காற்று அதை ஏந்திச் செல்லும். மயிர் நீளமாக இருந்தால், 37 வாட்டில் ஓடும் சிறு தூரிகை அடிவரை எட்டாது. எட்ட முயன்றால் சிக்கிக்கொள்ளும்.

மூன்று நாள் விருந்தாளி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வீட்டில் சொல்வார்கள் என அஞ்சியிருந்தபோது, எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டு ரோபோவை மூன்று நாள் தந்து உதவினார். அவர் வீட்டுக் கம்பளம் மெல்லியது. அங்கே அது குறையின்றி உழைக்கிறது என்பதை முதலிலேயே பதிவுசெய்துவிடுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் ஆயா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, ஆமைக்குஞ்சா?" தை, மாசி மாதங்களில் முட்டையிட எங்கள் கரையேறும் பங்குனி ஆமைகளைப் பார்த்து வளர்ந்தவர் அவர். வட்ட ஓடு, மெல்ல ஊர்தல், இடித்தால் திரும்புதல் யாவும் பொருந்தவே, மூன்று நாளும் அதற்கு ஆமை என்றே பெயர்.

முதல் நாள் கம்பளத்தைச் சுருட்டிவிட்டு வெறும் டைல்ஸில் விட்டேன். தலையில் சுழலும் லேசர் கண் சுவர்களை அளந்து, கைப்பேசியில் கூடத்தின் வரைபடத்தைக் காட்டியது. தறியில் நாடா ஓடுவதுபோல வரிவரியாகச் சென்றது. கட்டிலின் அடியில், அக்கா பல மாதமாகத் துடைப்பம் நுழைக்க முடியாத இடத்திலிருந்து, கறுத்த பஞ்சு போன்ற தூசைக் கொண்டுவந்தது. அக்கா முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. வாசற்படி ஓரத்து மணலில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கவாட்டில் சுழலும் சிறு தூரிகை மணலை உள்ளே தள்ளுவதற்குப் பதில் நாலாபுறமும் வீசியடித்தது. மற்றபடி நன்று. குப்பைப் பெட்டி அரை லிட்டருக்கும் குறைவானது. எங்கள் மணலுக்கு ஒரே நாளில் நிரம்பிற்று.

இரண்டாம் நாள் கம்பளம். ஆமை சிவப்புப் பகுதிக்கு வரவே இல்லை! கருங்கரையின் விளிம்பைத் தொட்டதும் பின்வாங்கியது, வேறு பக்கம் சென்றது, அங்கும் பின்வாங்கியது. பழுது என்று முதலில் எண்ணினேன். பிறகுதான் காரணம் விளங்கியது. மாடிப்படியில் உருண்டு விழாமலிருக்க இதன் அடிவயிற்றில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் உணரிகள் உள்ளன. ஒளி திரும்பாவிட்டால் முன்னால் பள்ளம் என்று பொருள். கறுப்பு நிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், கருங்கரை அதற்குக் கிணறாகத் தெரிந்திருக்கிறது. உணரிகளை ஒட்டுத்தாளால் மூடி ஏமாற்றுவோரும் உண்டு. படிக்கட்டு உள்ள வீட்டில் அது கண்ணைக் கட்டிக் கடலில் விடுவதற்கு ஒப்பாகும். இரவல் பொருளில் நான் அதைச் செய்யத் துணியவில்லை.

கையால் தூக்கிச் சிவப்பின் நடுவே வைத்தேன். சக்கரங்கள் மயிரில் புதைந்தன. ஈர மணலில் தள்ளும் மிதிவண்டி போல முனகிக்கொண்டு இரண்டடி நகர்ந்தது. மறுமுனையை அடைந்தபோது குஞ்சத்தைத் தூரிகை கவ்விச் சுருட்டிக்கொள்ள, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. கத்தரிக்கோலைக் கொண்டு அதை விடுவிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வெட்டுப்பட்ட குஞ்சம் இரண்டை ஆயா பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குஞ்சத்தை உட்புறமாக மடித்து மீண்டும் வைத்தேன். மூன்றுமுறை சிவப்புப் பகுதியில் ஓட்டினேன். மேற்பரப்பு அழகாகத் தெரிந்தது. ஆயாவின் நரைமுடி, நூல், ரொட்டித் தூள் எதுவும் இல்லை. வெற்றி என்றே நினைத்தேன்.

பிறகு நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் கம்பளத்தைக் கொல்லைப்புறம் தூக்கிச் சென்று, கொடிக்கம்பத்தில் கவிழ்த்துப் போட்டு, துடுப்புக் கழியால் முதுகில் அடித்தோம். அடிக்கு ஒரு பிடி மணல் கொட்டியது. அடியில் விரித்த பழைய சேலை மறையும் அளவுக்குக் கொட்டியது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் அந்தச் சேலையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றேன். ஆயா வலியோடு மூச்சு விட்ட கட்டில் இதன் மேல்தானே கிடந்தது.

மணலாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கம்பளத்தில் வாழ்கிறது. வீட்டுத் தூசிலுள்ள உண்ணிகள் இளைப்பைத் தூண்டுகின்றன என்பதை 1964இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் கண்டறிந்தனர். (பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர் நாட்டவரேதாம், அவர்கள் கல்லறைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம்.) மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே உள்ள இவ்வுயிர்கள் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, ஈரக்காற்றில் பெருகும். கடலும் ஏரியும் சூழ்ந்த ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? இழைகளைக் காலால் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள உண்ணியை உறிஞ்சி இழுப்பது பெரிய கருவிக்கே கடினம். ஆயாவின் இளைப்புக்கு உண்ணிதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் மருத்துவன் அல்லேன். ஆனால், ரோபோ ஓடிய கம்பளம் பார்வைக்குத் தூய்மையாக இருப்பதால் அது மூச்சுக்கும் தூய்மை என்று எண்ணுவது தவறு என்பது மட்டும் உறுதி. உறிஞ்சிய காற்று பின்புறமாக வெளியே வருவதையும் மறக்கலாகாது. ஹெப்பா எனப்படும் வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க வரையறை. வடிகட்டியைச் சுற்றி இடுக்கு இருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. குப்பைப் பெட்டியைக் கொட்டும்போது எழுந்த புழுதியில் எனக்கே தும்மல் வந்தது. இளைப்புள்ளவர் அதைத் தொடவே கூடாது.

மூன்றாம் நாள் ஜமுக்காளத்தையும் கோரைப்பாயையும் விரித்துப் பார்த்தேன். ஜமுக்காளம் இலேசானது, ஆமை அதை முட்டித் தள்ளிக் கூடத்தின் மூலையில் குவித்துவிட்டு, மலையேறத் தெரியாமல் நின்றது. நான்கு மூலையிலும் கனம் வைத்தபின் ஓடியது. கோரைப்பாயில் தடையின்றி ஓடியது. ஆனால், பாயைத் தூக்கினால் கோரையின் இடுக்கு வழியே இறங்கிய மணல் தரையில் வரிவரியாகக் கிடந்தது! பாயை எடுத்தபின் அதே தரையில் ஓடவிட்டபோது அதையும் அள்ளிற்று. தூக்கி எடுக்கத்தக்க விரிப்பு இருக்கும் வீட்டில் ரோபோவும் பயன்படும் என்பதை இதனால் உணர்ந்தேன்.

வாங்க நினைப்போர் செய்யத்தக்கவை

கடைக்குப் போகுமுன் ஒரு தீக்குச்சியை எடுத்துக் கம்பளத்தில் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள். பாதிக்குமேல் மறைந்தால், அதாவது மயிர் ஏறத்தாழ இரண்டு செ.மீ.க்கு மேல் இருந்தால், ரோபோ அதற்கு ஏற்றதன்று. கால் பங்கு மறைந்தால் அச்சமில்லை. பெரும்பாலான ரோபோக்கள் ஏறக்கூடிய உயரமும் இந்த இரண்டு செ.மீ. அளவே, வாசற்படியையும் அறைகளுக்கு இடையிலுள்ள நிலைப்படியையும் அளந்துகொள்க. ரோபோவின் உயரம் பத்து செ.மீ. அளவு இருக்குமாதலால் கட்டிலின் அடி உயரமும் தெரிய வேண்டும். கறுப்பும் கருநீலமும் மிகுந்த கம்பளமாயின், யாரிடமாவது இரவல் பெற்று ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். குஞ்சத்தை மடித்துத் தைத்துவிடலாம்.

ஈரத்துணி கட்டித் துடைக்கும் வகையும் உண்டு. கம்பளத்தை உணர்ந்ததும் துணியை ஒரு செ.மீ. அளவு உயர்த்திக்கொள்ளும் என்கிறார்கள். மயிர் அதைவிட உயரமாயின் கம்பளம் நனையும். நனைந்த கம்பளம் எங்கள் ஊரில் எளிதில் காயாது. எனவே, அந்த வசதிக்காகக் கூடுதல் விலை தருவது கம்பள வீட்டாருக்கு வீண். இதைவிட முக்கியமானது, தூரிகையைக் கழற்றி முடியை எடுக்க வருமா, மாற்று வடிகட்டியும் மின்கலமும் நம் ஊரில் கிடைக்குமா என்பது. மணலும் உப்புக்காற்றும் சேர்ந்தால் இரும்புப் படகாணியே தேய்கிறது. இந்தச் சிறு சக்கரங்களின் அச்சு எவ்வளவு தாங்கும்?

சென்னையில் அடுக்குமாடியின் ஏழாவது தளத்தில், மெல்லிய கம்பளம் விரித்து, செருப்பை வெளியே விட்டு வாழ்வோர்க்கு ரோபோ நல்ல துணை. வாரம் ஒருமுறை பெரிய கருவியாலோ, கையாலோ ஆழமாகத் துப்புரவு செய்வதை அவர்களும் விடலாகாது. மணலூரில், நீள்மயிர்க் கம்பளம், இளைப்புள்ள முதியவர் என மூன்றும் ஒருங்கே அமைந்த எங்கள் வீட்டுக்கு அது ஏற்காது என்பதே நான் கண்ட முடிவு. மாற்ற வேண்டியது துடைப்பத்தை அன்று, கம்பளத்தை.

இம்முடிவை மாமாவிடம் சொல்வது எளிதாயிற்று. "அப்ப வேற என்னடா அனுப்பட்டும்?" என்று கேட்டார். குனியாமல் பெருக்க நீண்ட கழியுள்ள துடைப்பமும் மாப்பும், சுவரில் செருகும் சாதாரணத் தூசு உறிஞ்சி ஒன்றும், வாசலுக்குத் தேங்காய் நார் மிதியடி இரண்டும் போதும் என்றார் அக்கா. எல்லாம் சேர்ந்தும் ரோபோவின் விலையில் பாதி ஆகவில்லை. வாசலில் கால் கழுவ ஒரு தொட்டியும் வைத்தோம். பெருக்கும் வேலையில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். பத்தொன்பது ஆண்டுகளில் நான் துடைப்பத்தைத் தொட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும், ரோபோவைப் பற்றி ஒரு மாதம் படித்தபோதெல்லாம் அந்த எண்ணம் எனக்குத் தோன்றவேயில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "மாப்ள ஆசையா கொண்டாந்ததுடா. சுருட்டி வச்சா அவரு மனசு நோவாதா?" என்றார். மாமாவையே தொலைபேசியில் பேசச் சொன்னோம். அவர் என்ன சொன்னாரோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கட்டிலிலிருந்து தாமே இறங்கி நின்றார். அவர் காலடியில் இப்போது ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டிருக்கிறோம். தினம் காலையில் அதை நான் கொல்லையில் உதறி வெயிலில் போடுகிறேன். இந்த வாடைக்காற்று இனிமேல்தான் வர வேண்டும். அது எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பளம் பழைய பாய்மரத் துணியில் சுற்றப்பட்டுப் பரணில் இருக்கிறது. மாமா விடுமுறைக்கு வரும் பதினைந்து நாளும் அதைக் கூடத்தில் விரித்தே ஆக வேண்டும், ஆனால் தம் கட்டிலை உள் அறையில் போட்டால் போதும் என்பது ஆயாவின் கட்டளை. மாமா பொங்கலுக்கு வருகிறார். அதற்கு முந்தைய ஞாயிறன்று துடுப்புக் கழியோடு வருமாறு பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.